புல்திடலில் ஒரு வளை

ஒரு காட்டில், மரங்களுக்கு நடுவே ஒரு புல்திடல் இருந்தது. கொஞ்சம் சரிவான திடல். மான்கள் அங்கே மேயும். குட்டிகள் மேலிருந்து கீழே உருண்டு விளையாடும். வேலை இல்லாதவர்கள் வந்து வெயில் காய்வார்கள். அது யாருக்கும் சொந்தமில்லை. அதனால் எல்லோருக்கும் சொந்தம்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில், ஒரு முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு அந்தத் திடலுக்கு வந்தது. ஆற்றங்கரையில் இருந்த அதன் வளை முதல் மழைக்கே இடிந்து மூடிக்கொண்டது. கரைமேல் இருந்த புல்லை யார் யாரோ மேய்ந்து, கிளறி, மொட்டையாக்கியிருந்தார்கள். பிடித்துக்கொள்ள வேர் இல்லாத மண் எத்தனை நாள் நிற்கும்? குட்டிகளை வெளியே இழுத்துப் போடுவதற்குள் தாய்க்கு உயிர் போய் உயிர் வந்தது.

"புல்வேர் பிடித்த மண்தான் வளைக்குக் கூரை. இனி புல் இருக்கும் இடத்தில்தான் குடியிருக்க வேண்டும்" என்று அது குட்டிகளிடம் சொல்லிக்கொண்டே வந்தது. திடலைக் கண்டதும் அதன் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மேட்டுப் பக்கம் ஒரு மூலையைப் பார்த்து மண்ணை முகர்ந்தது.

"யாரது, எங்கள் திடலில் மூக்கை நுழைப்பது?" என்று ஒரு குரல் கேட்டது.

முயல்தான் அது. திடலின் சரிவு முடியும் இடத்தில், ஒரு புதரடியில் அதன் குழி இருந்தது. கண் விழித்ததும் எதிரே பச்சைப் பசேல் என்று தெரியும். அதில் முயலுக்கு அப்படி ஒரு பெருமை.

"எங்கள் வளை இடிந்துவிட்டது, முயலண்ணா. அடுத்த மழைக்குள் இந்த மூலையில் ஒரு வளை தோண்டிக்கொள்கிறேன். வாசல் ஒன்றுதான் வெளியே தெரியும்" என்றது முள்ளம்பன்றி.

"ஐயோ பாவம்தான். ஆனால் இது பொதுத் திடல் ஆயிற்றே" என்றது முயல். அது காதைத் தூக்கிக் குரல் கொடுத்ததும் மானும் காட்டுப்பன்றியும் வந்து சேர்ந்தன.

"வளை தோண்டட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் மேயும் பக்கம் மட்டும் வேண்டாம்" என்றது மான்.

"நான் படுக்கும் பக்கமும் வேண்டாம்" என்றது காட்டுப்பன்றி.

"முள் உதிர்ந்தால் நம் பிள்ளைகள் காலில் குத்தாதா? இன்றைக்கு ஒரு வளை என்பார்கள், நாளைக்கு ஊரே வந்து தோண்டும். திடல் எல்லோருக்கும் சொந்தம். அதைக் காப்பது நம் கடமை" என்றது முயல்.

முள்ளம்பன்றி குட்டிகளை அருகே இழுத்துக்கொண்டது. பிறகு கேட்டது: "அந்த எல்லோரிலும் நான் உண்டா, அண்ணா?"

மான் குனிந்து புல்லைக் கடிக்கத் தொடங்கியது. கேள்வி அப்படி.

அந்த வழியாக வந்த யானை இரண்டு பக்கத்தையும் கேட்டது. காட்டில் வழக்கு என்றால் யானையின் சொல்தான் தீர்ப்பு. அதற்கோ அன்று பசி.

"திடலும் இருக்க வேண்டும், குட்டிகளும் பிழைக்க வேண்டும். உங்களில் யாருக்கும் பயன்படாத மூலை எதுவோ, அதில் முள்ளம்பன்றி வளை தோண்டட்டும். மாலையில் வந்து பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு அது மூங்கில் தேடிப் போய்விட்டது.

யானை மறைந்ததும் முயல் மற்ற இரண்டையும் ஒரு புதருக்குப் பின்னால் கூட்டிப் போனது.

"பயன்படாத மூலை என்று ஒன்று இருந்தால்தானே கொடுப்பார்கள்? மாலைக்குள் எல்லா மூலையும் நமக்குப் பயன்பட்டாக வேண்டும்" என்றது.

குழந்தைகளே, முயலின் புத்தி எப்படி வேலை செய்தது பார்த்தீர்களா? சூரப்புலிதான். ஆனால் அதற்குப் பின் நடந்ததையும் கேளுங்கள்.

கிழக்குப் பக்கம் முழுவதும் தன்னுடையது என்று காட்ட, மான் தன் கூட்டத்தையே அழைத்து வந்து அடிவேர் தெரியும்வரை மேய்ந்தது. காட்டுப்பன்றி மேற்குப் பக்கத்தை மூக்கால் உழுது புரட்டியது. படுக்கை என்றால் சும்மாவா? முயல் சரிவின் அடிப்பக்கம் முழுவதும் பத்து வீட்டுக்கு ஆகும் அளவு குழி பறித்துப் போட்டது. வேண்டியதோ ஒரு குழி, அதுவும் ஏற்கெனவே இருந்தது.

முள்ளம்பன்றி மட்டும் மேட்டு மூலையில் குட்டிகளை அணைத்தபடி உட்கார்ந்திருந்தது. முள்ளுக்குப் பயந்து அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. கண்ணெதிரே புல் அழிவதைப் பார்க்க அதற்கு அழுகையாக வந்தது.

மாலையில் யானை வந்து பார்த்தது. திடலைக் காணோம். முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் புல் மிச்சம் இருந்தது.

"திடலை என்ன செய்தீர்கள்?" என்று யானை கேட்டது.

"காப்பாற்றினோம்" என்றது முயல். சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தது. அதன் காது இரண்டும் தொங்கிப்போயின.

யானை மொட்டை மண்ணைத் தும்பிக்கையால் தடவிப் பார்த்தது. "என் தீர்ப்பிலும் கோளாறு இருக்கிறது" என்று தன்னையே நொந்துகொண்டது.

"போனது போகட்டும். இனி மண்தானே? உனக்கு எங்கே வேண்டுமோ அங்கே தோண்டிக்கொள்" என்று காட்டுப்பன்றி தாராளமாகச் சொன்னது.

"புல் இல்லாத மண்ணில் வளை நிற்காது, ஐயா. உங்கள் எல்லோரையும்விட எனக்குத்தான் இந்தப் புல் அதிகம் வேண்டியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை" என்றது முள்ளம்பன்றி. யானை தலையசைத்ததும், மிச்சமிருந்த அந்தப் புல்லின் அடியிலேயே தோண்டத் தொடங்கியது.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. புரட்டிப் போட்ட மண்ணெல்லாம் சேறாகிச் சரிவில் இறங்கியது. மேய இடமில்லாமல் மான் கூட்டம் வேறு காட்டுக்குப் போனது. காட்டுப்பன்றியும் வேறு படுக்கை தேடிப் போனது. சேறு நேராக முயலின் குழிக்குள் போனது.

மேட்டில் இருந்த வளையின் கூரை ஒழுகவில்லை. உள்ளே குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. வாசலில் யாரோ நடுங்குகிற சத்தம் கேட்டு முள்ளம்பன்றி எட்டிப் பார்த்தது. காதிலிருந்து வால் வரை சேறு. முயல் என்று அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அக்கா, இந்தத் திடல் எல்லோருக்கும் சொந்தம்தானே?" என்று முயல் மெல்லக் கேட்டது.

"ஆமாம்."

"அந்த எல்லோரிலும்..." என்று தொடங்கிய முயலுக்கு, மேலே சொல்ல வாய் வரவில்லை.

முள்ளம்பன்றிக்குக் கோபம் வந்தது. முள்ளெல்லாம் ஒருமுறை சிலிர்த்து நின்றது. பிறகு ஒவ்வொன்றாகப் படிந்தது.

"உள்ளே வா. குட்டிகளை எழுப்பாமல், முள் குத்தாத பக்கமாகப் பார்த்து உட்கார்" என்று சொல்லி, அது சற்று நகர்ந்துகொண்டது.

நீதி: பிறருக்கு இடம் தராமலிருக்கப் பொதுவைக் காப்பவர், பொதுவையும் இழப்பார், தம் இடத்தையும் இழப்பார்.