தலைக்கு ஒரு கரண்டி

"எதுவுமே நிலையில்லைன்னு சொல்றீங்க. என் வாஷிங் மெஷின் ஒழுகுறது மட்டும் எப்படிங்க நிலையா இருக்கு?"

கேட்டவள் அமிர்தவல்லி. கணவர் இறந்து, பெரிய மகன் பெங்களூருக்கும் சின்னவன் கனடாவுக்கும் போன பிறகு, அந்த அடுக்குமாடி வீட்டில் தனியாக இருப்பவள்.

கேட்கப்பட்டவர் பூங்கோதை. மொட்டைமாடியில் தியானம் சொல்லித்தருபவர். அமிர்தவல்லியைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவர்தான் குரு.

"மெக்கானிக் வரலையாக்கா?"

"வந்தான். வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையான்னு கேட்டான். ஏன், ஆம்பளை பக்கத்துல நின்னா ஒழுகாதாமா? வெறும் தண்ணியில ஓட்டிப் பார்த்துட்டு, ஒரு குறையும் இல்லைன்னு போயிட்டான். அவன் போனதும் துணி போட்டேன். கூடமெல்லாம் தண்ணி."

"துடைச்சாப் போச்சு."

"கீழ்வீட்டுக்காரங்க பெரியவனுக்கே போன் பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழமை வர்றான். தனியா உன்னால முடியாதும்மா, வீட்டை வித்துட்டு முதியோர் இல்லத்துல இருங்கறான். நாலு பேர் துணியைத் துவைச்சப்ப முடிஞ்சது. என் ஒருத்தி துணின்னா முடியாமப் போயிடுமா? இதுக்கு உங்க தியானத்துல என்னங்க பதில்?"

பூங்கோதை செருப்பை மாட்டிக்கொண்டார்.

அமிர்தவல்லியின் வீட்டில் மூன்று அறைகள். இரண்டின் கதவு சாத்தியிருந்தது.

"எப்பவும் போல போடுங்கக்கா."

ஒரு புடவை, ஒரு ஜாக்கெட், ஒரு பாவாடை, ஒரு துண்டு. உள்ளே போட்டுவிட்டு அமிர்தவல்லி சோப்புத்தூள் டப்பாவைத் திறந்தாள். வாய் இன்னும் மெக்கானிக்கை விடவில்லை. கை தன்பாட்டுக்கு அள்ளியது. ஒரு கரண்டி. இன்னொன்று. இன்னொன்று. இன்னொன்று.

மெஷின் ஓடியது.

கண்ணாடிக் கதவுக்குள் நுரை ஏறியது. துணி மறைந்தது. கதவிடுக்கில் நுரை பிதுங்கித் தரையில் வழிந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். நாலு கரண்டி எதுக்கு?"

"தலைக்கு ஒரு கரண்டி. எங்க வீட்டுக் கணக்கே அதுதான்."

"யார் யாருக்கு?"

"இது என்ன கேள்வி? அவருக்கு ஒண்ணு. பெரியவனுக்கு ஒண்ணு. சின்னவன் சட்டையெல்லாம் மண்ணு, அவனுக்குக் குமிச்சு..."

நிறுத்தினாள்.

நுரை அவள் கால்விரலைத் தொட்டது.

பூங்கோதை மூலையில் கிடந்த துணியை எடுத்துத் தரையைத் துடைத்தார். போய்விட்டார்.

மறுநாள் அமிர்தவல்லி ஒரே ஒரு கரண்டி போட்டாள். துடைக்கும் துணியோடு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மெஷின் நின்றது. தரை காய்ந்தே கிடந்தது. கையிலிருந்த துணியை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பெரியவன் அழைத்தான்.

"மெஷின் என்னாச்சும்மா?"

"சரியாயிடுச்சு."

"என்னதான் ரிப்பேராம்?"

அவள் கரண்டியைப் பார்த்தாள்.

"உனக்கும் சேர்த்துத் துவைச்சிட்டு இருந்திருக்கேன்டா."