முழு வேகத்தில் ஒரு சோதனை

பாதி ஆயுளை இரும்புப் பட்டறையில் கழித்துவிட்டு, ஃபைபர் பலகை வேலை கற்க வந்தவர் இசக்கியப்பன். அவருக்குக் குரு செண்பகவடிவு. வயதில் இளையவள், தொழிலில் மூத்தவள்.

அன்று பிற்பகல் இசக்கியப்பன் முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, கால்வாய்ப் பாலத்துல ஏறி நின்னு பார்த்தேன். பலகைக்குள்ள சடக்குன்னு கேட்டுது."

மறுநாள் திறக்கவேண்டிய நடைபாலம். அதன் ஃபைபர் பலகையைச் சோதித்துத் தாங்கும் என்று சொன்னவர் அவர்தான். அக்கரையில் பள்ளிக்கூடம். அவர் மகளும் அங்கேதான் படிக்கிறாள்.

"எப்படிச் சோதிச்சீங்க அண்ணாச்சி?"

"பத்து லட்சம் தடவை அமுக்கி அமுக்கி விட்டேன். ஒரு கீறல் இல்ல."

"என்ன வேகம்?"

"மிஷினோட முழு வேகம். சூடாயிரக் கூடாதுன்னு ஃபேனும் வச்சேன். இரும்புக்கு அப்படித்தான செய்வோம்? எத்தன தடவைங்கிறதுதான கணக்கு?"

பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்லும் மனுஷன்!

செண்பகவடிவு அரை வாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கையை நீட்டித் தூக்குங்க, உடனே இறக்குங்க. பத்துத் தடவை."

இரும்படித்த கை. சளைக்காமல் தூக்கி இறக்கினார். சற்று ஓய்வெடுக்க விட்டாள்.

"இப்பவும் பத்துதான். ஆனா நான் சொன்ன பிறகு இறக்குங்க."

அவர் தூக்கினார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்தே இறக்கச் சொன்னாள். மூன்றாவது தடவையில் தோள் வெடவெடத்தது. தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது.

"ஃபைபருக்கு எத்தன தடவைங்கிறது மட்டுமில்ல, எவ்வளவு நேரம் சுமக்குதுங்கிறதும் கணக்கு. பாலத்து நடுவுல நின்னா கீழ என்ன தெரியும் அண்ணாச்சி?"

"மீன் தெரியும். கெண்டை..."

சொல்லும்போதே பள்ளிக்கூட மணி அடித்தது. பாலத்தை மறித்த கயிற்றைக் காலையில் ஏறிப் பார்க்க அவிழ்த்தவர், திரும்பக் கட்ட மறந்திருந்தார்.

வாளியைப் போட்டுவிட்டு ஓடினார்.

நடுப்பாலத்தில் பிள்ளைகள் கூட்டமாகக் குனிந்து நின்றார்கள். அவர் மகளும் நின்றாள். கத்தினால் துள்ளி ஓடுவார்கள். அதற்கும் பயந்தார்.

"ஒவ்வொருத்தரா வாங்க கண்ணுகளா. மெதுவா, மெதுவா."

அவர்கள் காலடியில் மறுபடி சடக்கென்றது. கடைசிப் பிள்ளை கரையேறும்வரை அவர் மூச்சே விடவில்லை. பிறகு கயிற்றை இறுக்கி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டார்.

திரும்பி வந்து செண்பகவடிவு முன் நின்றார்.

"மறுபடி சோதிக்கிறேன் அம்மா. என்ன வேகம் வைக்கட்டும்?"

செண்பகவடிவு கவிழ்ந்து கிடந்த வாளியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஒரு பிள்ளை மீன் பார்த்து முடிக்கிற வேகம்."