தொண்டை மரத்துப்போகும் வரை

பூவலிங்கம் சிற்றூர் ஆஸ்பத்திரியில் வெகுகாலம் டாக்டராக இருந்துவிட்டு, தலை நரைத்த பிறகு மயக்க மருத்துவம் படிக்க வந்தவர். அவருக்கு ஆசிரியர் டாக்டர் மெஹரூன். வயதில் அவரைவிட இளையவர்.

வந்த புதிதில் ஒருநாள் பூவலிங்கம் கேட்டார்: "ஆளே மயக்கத்துல கிடக்கார். மூச்சுக்குழாய்ல டியூப் போடுறதுக்கு முன்னாடி தொண்டைய வேற எதுக்கு மேடம் மரத்துப்போக வைக்கணும்?"

"அவர்தான் தூங்குறார். இருதயம் முழிச்சுக்கிட்டுதானே இருக்கு? டியூப் தொண்டையில இடிச்சா அது பதறும். ஸ்பிரே அடிங்க. அடிச்சிட்டு, மரத்துப்போற வரைக்கும் காத்திருங்க."

பூவலிங்கம் தலையாட்டினார். தலையாட்டத்தான் எல்லாருக்கும் தெரியுமே.

இசக்கியப்பன் என்ற லாரி டிரைவருக்கு நெஞ்சுக்குள் பெரிய ரத்தநாளம் ஒன்று புடைத்து, அதன் சுவர் மெலிந்துபோயிருந்தது. ஆபரேஷன் அன்று மெஹரூன் பக்கத்து அறையில் இருந்தார். சர்ஜன் கையுறையை மாட்டிக்கொண்டு, "இன்னுமா?" என்றார். பூவலிங்கம் ஸ்பிரே அடித்தார். அடித்த கையோடு டியூபைச் செலுத்தினார். பிரஷர் கிடுகிடுவென்று ஏறியது. நாளம் வெடித்தது. மெஹரூன் ஓடிவந்தார். எல்லாரும் சேர்ந்து என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஆள் போய்விட்டார்.

"ஸ்பிரே அடிச்சேன் மேடம்."

"அடிச்சிட்டு?"

பூவலிங்கம் கையுறையைக் கழற்றினார். பிறகு, "அவர் சம்சாரம் வெளிய உக்காந்திருக்கு. நானே போய்ச் சொல்லிடுறேன். தள்ளிப்போட்டா என்னால முடியாது" என்று கதவைத் தள்ளினார்.

"நில்லுங்க. நானும் வாறேன்."

வெளியே பேச்சித்தாய் புருஷனின் செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். மெஹரூன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கூட யாரும்மா வந்திருக்கா?"

"தம்பி. டீ வாங்கப் போயிருக்கான். அவுகளுக்கு எப்படி இருக்கு?"

"நல்ல சேதி இல்லம்மா. தம்பி வரட்டும், சொல்றேன்."

 மெஹரூன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சித்தாயின் விரல்கள் மெல்ல மெல்ல இறுகின. பூவலிங்கத்துக்கு நேரம் நகரவே இல்லை. சொல்லித் தொலைத்தால் போதும் என்றிருந்தது.

தம்பி வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவளைத் தோளோடு அணைத்து உட்கார்ந்தான்.

"அவர் இறந்துட்டார்மா" என்றார் மெஹரூன். "டியூப் போடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் காத்திருந்திருக்கணும். நாங்க காத்திருக்கல. தப்பு எங்க மேல."

"நல்லா நடந்துதானே உள்ள போனாக" என்று தம்பியின் மேல் சாய்ந்து கதறினாள் பேச்சித்தாய். காது கொடுத்துக் கேட்க முடியாத அழுகை. மெஹரூன் எழுந்து போகவில்லை. அவள் கையை விடும்வரை அங்கேயே இருந்தார்.

திரும்பி வரும்போது பூவலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எப்பச் சொன்னாலும் சேதி ஒண்ணுதானே மேடம். எதுக்கு அவ்வளவு நேரம் காக்க வச்சீங்க?"

"எப்பப் போட்டாலும் டியூபும் ஒண்ணுதானே" என்றார் மெஹரூன்.