டிபன் பாக்ஸில் கிரைண்டர்

கோயம்புத்தூர் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றின் தலைமைப் பொறியாளர் சபேசன் தொட்டதெல்லாம் பெரிசுதான். புரோகிராமையும் அது ஓடத் தேவையானதையும் கட்டிய பொட்டலத்துக்குக் கன்டெய்னர் இமேஜ் என்று பேர். அவர் கட்டியது மூன்று ஜிபி!

"குறைக்கலாங்க சார்," என்றாள் வேலை பழக வந்த மௌனிகா.

"மத்தியானத்துக்குள்ள ஐம்பது எம்பி ஆக்கு. இல்லேன்னா மூட்டையக் கட்டு!"

மத்தியானம் முதலாளியம்மா முன்னால் ஓட்டிக் காட்டினாள். நாற்பத்தெட்டே எம்பி. கண் இமைப்பதற்குள் புரோகிராம் எழுந்து நின்றது. ஆபீஸே வாயைப் பிளந்தது.

"முக்கியமானது எதையோ தூக்கிட்டா!" என்று சீறினார் சபேசன்.

"மாவாட்ட கிரைண்டர் வேணுங்க. டிபன் பாக்ஸ்ல இட்லியத்தானுங்க வைப்போம்? புரோகிராமை உருவாக்க மட்டும் தேவைப்பட்ட டூல்ஸையெல்லாம் வெளிய விட்டுட்டேன்."

"அவ்வளவுதானா?" என்றார் முதலாளியம்மா.

"சார் தன்னோட ஃபோல்டரையும் முழுசா உள்ள போட்டிருந்தாருங்க. கல்யாண வீடியோ, அப்புறம் இது. சார் சொன்ன முக்கியமானது இதுதானுங்களா?"

அவள் பிரிண்ட் எடுத்து நீட்டிய காகிதத்தை முதலாளியம்மா வாங்கினார். வேறு கம்பெனிக்குச் சபேசன் எழுதிய வேலை விண்ணப்பம். முதல் வரியைச் சத்தமாகவே படித்தார்:

"இமேஜைச் சின்னதாக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை."