ஓல்ட்ஹாமில் இருந்த ஒரே ரெக்கார்டு

“எனக்கு அநியாயம் பண்ணினவன் ராய் ஹாவர்த்,” என்றார் நார்மன் பில்லிங். “அதோ, கிட்டாரோட நிக்கிறானே, அவன்தான்.”

மேடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த எஸ்ரா டால்பட் நிமிர்ந்து பார்த்தார். அமெரிக்காவிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மான்செஸ்டர் குளிருக்கு, அரங்கத்துக்குள்ளேயும் அவர் கோட்டைக் கழற்றவில்லை.

“உட்காருங்க,” என்றார். “சொல்லுங்க.”

நார்மன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

பக்கத்து ஊரான ஓல்ட்ஹாமில் ஒரு நூல் ஆலையில் அவர் மெஷின் பழுது பார்ப்பவர். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆயுளில் சொந்தமாக எழுதியது ஒரே ஒரு கடிதம். அது சிகாகோவில் ஒரு கடைக்கு. அமெரிக்கக் கறுப்பர்களின் புளூஸ் பாட்டு, எஸ்ரா டால்பட் பாடிய ரெக்கார்டு ஒன்று வேண்டும் என்று.

கப்பலில் வந்து சேர ஒன்பது வாரம் ஆயிற்று. ஊருக்கே அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும், கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்பார்.

ராய் அடுத்த தெருப் பையன். அப்போது பதினேழு வயது. கிட்டார் வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. இரண்டே நாளில் தருகிறேன் என்று கேட்டான். நார்மன் கொடுத்தார்.

பாட்டின் நடுவே டால்பட் கிட்டாரில் வாசித்திருந்த ஒரு துண்டைப் பிடிப்பதற்காக, ராய் ரெக்கார்டின்மேல் ஓடும் முள்ளைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்தான். முதல் வாரமே கீறல் விழுந்தது. அதன்பிறகு அந்த இடம் வந்தால் முள் தாவும். தாளத்தில் இரண்டு அடி காணாமல் போகும்.

அது கீறல் என்று ராய்க்குத் தெரியவில்லை. டால்பட்டின் தனி வித்தை என்று நினைத்தான். அதே ரெக்கார்டைப் போட்டுக்காட்டி டிரம் வாசிப்பவனுக்கும், பாஸ் கிட்டார் வாசிப்பவனுக்கும் சொல்லிக்கொடுத்தான். மூன்று பேரும் ஒன்றாகத் தாவினார்கள்.

கிளப்புகளில் அந்தத் தாவலுக்கே கூட்டம் சேர்ந்தது. ஆடுபவர்கள் அங்கே காலைத் தூக்கி, ஒரே சமயத்தில் இறக்குவார்கள். தரை அதிரும். பத்திரிகையில் ராயின் படம் வந்தது.

கிளப்பில் முதல் தடவை கேட்டபோதே நார்மனுக்குப் புரிந்துவிட்டது, முள் தாவியிருக்கிறது என்று. ராயிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்திருந்தார்.

மூன்று வருடம். ஒரு சனிக்கிழமை விடாமல் அவர்கள் வாசிக்கும் கிளப்புக்குப் போனார். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். முடிந்ததும் மேடைக்கு வருவார். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

“ரெக்கார்டு,” என்பார்.

“அடுத்த வாரம், மிஸ்டர் பில்லிங்,” என்பான் ராய். மறுபக்கப் பாட்டு இன்னும் கைக்கு வரவில்லை என்பான். டிரம்காரன் அவருக்கு மிஸ்டர் ரெக்கார்டு என்றே பெயர் வைத்துவிட்டான்.

இப்போது அதே டால்பட் கப்பலேறி வந்து, அதே பையன்களோடு பாடப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், நார்மன் ஆலையில் அரைநாள் லீவு போட்டார். ஒத்திகைக்கே வந்துவிட்டார்.

அவர் எதிர்பார்த்தபடியே நடந்தது. அந்த இடம் வந்தது, மூன்று பேரும் தாவினார்கள், டால்பட்டின் கை கம்பிமேல் அப்படியே நின்றது. பாட்டு நின்றுபோயிற்று. அப்போதுதான் நார்மன் மேடையேறினார்.

“உங்க பாட்டுல இவன் ஓட்டை போட்டுட்டான்,” என்று முடித்தார். “அது தப்புன்னு இவங்க முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். அப்புறம் என் ரெக்கார்டு எனக்கு வரணும்.”

ராயின் காது சிவந்துவிட்டது. கிட்டாரைப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டால்பட் கோட்டின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அந்த ரெக்கார்டு எங்கிட்ட இல்ல,” என்றார். “பாடினதோட சரி. எனக்கு ஒண்ணு தரணும்னு அந்தக் கம்பெனியில யாருக்கும் தோணல.”

“யாரு அவங்க?” என்றார் நார்மன், சட்டென்று.

“அதைப் பேச ஆரம்பிச்சா நமக்கு ஒத்திகை நடக்காது.”

கிட்டாரை மடியில் படுக்கவைத்தார்.

“பாடி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் எத்தனையோ விதமா பாடிட்டேன். நீங்க கீறல் விழறதுக்கு முன்னாடி கேட்டவர். அந்த இடத்துல நான் என்ன பண்ணியிருந்தேன்? பாடிக் காட்டுங்க. இவங்களும் கத்துக்கட்டும்.”

நார்மன் தொப்பியைக் கழற்றினார். இதற்காக இன்னொரு மூன்று வருடம் நிற்கச் சொன்னாலும் நின்றிருப்பார்.

கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கரகரப்பான குரல்தான், ஆனால் தாளம் பிசகவில்லை. முதல் வரி. இரண்டாவது வரி. அந்த இடம் வந்தது.

தாவினார்.

நிறுத்தினார். முதலிலிருந்து பாடினார். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து. அந்த இடத்தில் அவருடைய வலது கால் தானாக உயர்ந்தது. பையன்கள் இறங்கும் அதே இடத்தில் வந்து இறங்கியது.

டிரம்காரன் சிரித்தான். டால்பட் சிரிக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை போட்டா…” என்றார் நார்மன். “மதியம், கையைக் கழுவிட்டு…”



“எத்தனை ஞாயிறு கேட்டீங்க?” என்றார் டால்பட்.

“பதினொண்ணு.”

“சனிக்கிழமை?”

நார்மன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

டால்பட் கிட்டாரை நிமிர்த்தி, ராயின் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அந்த இடத்தை எனக்குச் சொல்லிக்கொடு,” என்றார். “மெதுவா.”

நார்மன் இறங்கிப்போய்க் கடைசி வரிசையில் நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். நான்கு பேரும் தாவியபோது கால் உயராமல் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒத்திகை முடிந்ததும் மேடைக்கு வந்தார்.

“ரெக்கார்டு.”

“அடுத்த வாரம், மிஸ்டர் பில்லிங்.”