தன்னைத்தானே கிச்சுக்கிச்சு மூட்டிய ராஜா

வெகு காலத்துக்கு முன்னால் நெடுங்கானல் என்ற நாட்டை வீரகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், அன்றைக்கு நாடு தாங்காது.

ஒருநாள் அவருக்குத் தலைப்பாகை கட்டிவிடும் ஆளுக்குக் காய்ச்சல். ராஜா தானே கட்டிக்கொண்டு சபைக்கு வந்தார். அது ஒரு காதை மூடி, மறு காதுப் பக்கம் தொங்கியது. சபையில் பூவணநாதர் என்று ஒரு பிரபு இருந்தார். மந்திரி பதவிமேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். சட்டென்று எழுந்து கைதட்டினார்.

"ஆகா! என்ன அழகு! மகாராஜா, தங்களுக்கு எதற்கு வேலையாட்கள்? எதையும் தாங்களே செய்துகொள்ளும் வல்லவர் தாங்கள்!"

ராஜாவுக்கு அது தலைக்கேறிவிட்டது. "உண்மைதானே? எனக்கு யார் தயவும் வேண்டாம்!" என்றார். அன்றே சமையல்காரர், வண்ணார், நாவிதர், வைத்தியர் எல்லோரையும் வேலையைவிட்டு அனுப்பினார். அவர்கள் குடும்பத்தோடு அரண்மனை வாசலில் வந்து உட்கார்ந்து அழுதார்கள்.

மறுநாள் ராஜா தன் கையாலேயே சவரம் செய்துகொண்டார். கை வழுக்கிப் பாதி மீசை போயிற்று. சபைக்கு வந்ததும் பூவணநாதர், "இதுவல்லவா ராஜகளை!" என்றார். சாயங்காலத்துக்குள் பிரபுக்கள் எல்லோரும் பாதி மீசையை எடுத்துவிட்டார்கள். நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அங்கே இருந்திருந்தால், ராஜாவுக்கு இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டும் என்று ஒரு புருவத்தையும் சேர்த்து எடுத்திருப்பேன். என் லட்சணம் எனக்குத் தெரியும்.

முழு மீசையோடு வந்தவர் மந்திரி மங்கைபாகர் ஒருவர்தான். பெரிய தொந்தி, குள்ள உருவம்.

"மந்திரியாரே, உமக்கும் இனி இங்கே வேலை இல்லை. யோசனையும் நானே செய்துகொள்வேன்" என்றார் ராஜா.

"நல்லது மகாராஜா. என் காலை நானே பார்த்து வெகு காலம் ஆகிறது, தொந்தி மறைக்கிறது. இப்படிப்பட்ட ஆள் நாட்டை எங்கே பார்க்கப்போகிறேன்? போய்விடுகிறேன். ஆனால் ஒன்று. தங்களால் தங்களுக்குச் செய்துகொள்ள முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. அதைத் தாங்கள் செய்து காட்டினால், நான் இந்த நாட்டைவிட்டே போகிறேன். முடியாவிட்டால் வாசலில் அழுகிறவர்கள் உள்ளே வரவேண்டும்."

"என்ன காரியம் அது?"

"கிச்சுக்கிச்சு. தங்கள் அக்குளில் தாங்களே கிச்சுக்கிச்சு மூட்டிச் சிரிக்க வேண்டும்."

சபை வாயைப் பொத்திக்கொண்டது. ராஜா, "பூ, இவ்வளவுதானா?" என்று கையைத் தூக்கி அக்குளில் விரலை விட்டு நெருடினார். ஒன்றும் ஆகவில்லை. மறு அக்குளில் நெருடினார். செருப்பைக் கழற்றி உள்ளங்காலைச் சுரண்டினார். மயிலிறகு வரவழைத்து விலாவில் தடவினார். வேர்த்ததுதான் மிச்சம், சிரிப்பு மட்டும் வரவில்லை. சிங்காசனத்தில் பாதி மீசையோடு ஒரு ராஜா தன்னைத்தானே சொறிந்துகொண்டிருந்த கோலம் எப்படி இருந்திருக்கும்!

பூவணநாதர் பாய்ந்து வந்தார். "மகாராஜா, இது தோல்வியே அல்ல! தாங்கள் புலன்களை வென்ற ஞானி. கூச்சம் என்பதே தங்கள் திருமேனியில் கிடையாது! மந்திரிதான் தோற்றார்!"

ராஜாவின் முகம் மலர்ந்தது. மந்திரி தலையாட்டினார்.

"அப்படியா? அப்படியானால் என் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். ஆனால் சொன்னவர் வாயாலே சொன்னதைக் கையாலே காட்டட்டும். பூவணநாதரே, நீரே மகாராஜாவின் அக்குளில் விரலை வையும். அவர் அசையாமல் இருந்தால் நான் எல்லையைத் தாண்டிவிடுகிறேன்."

மறுத்தால் பூவணநாதர் சொன்னது பொய்யாகிவிடும். ராஜாவோ சிங்காசனத்தில் கையைத் தூக்கிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் பூவணநாதர் சுண்டுவிரலை நீட்டி, பட்டும் படாமலும் தொட்டார்.

"ஐயோ! ஹீஹீஹீ! விடுமையா! எடும் கையை!"

ராஜா நெளிந்து துள்ளிச் சிங்காசனத்திலிருந்து உருண்டு கீழே விழுந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, "மந்திரியாரே, இது என்ன மாயம்?" என்று கேட்டார்.

"மாயம் இல்லை மகாராஜா. எல்லோர் உடம்பும் அப்படித்தான். நம் கையை நீட்டும்போதே மனசு அக்குளுக்கும் சேதி சொல்லிவிடுகிறது. அது ஏமாறுவதில்லை. அடுத்தவர் கை எப்போது எங்கே படும் என்று அதற்குத் தெரியாது, துள்ளுகிறது. நானும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு முயன்று பார்த்தவன்தான். என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வைத்தியருக்கு ஆள் அனுப்பிவிட்டாள்."

ராஜா மறுபடி சிரித்தார். வாசலைத் திறக்கச் சொன்னார். வேலை போனவர்கள் எல்லோரும் உள்ளே வந்தார்கள். மந்திரிக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்து, தன் முத்துமாலையையும் கழற்றிப் போட்டார். பிறகு பூவணநாதரைப் பார்த்தார்.

"உமக்கு ஒரு தண்டனை. உம்மை நீரே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டு சிரியும். சிரித்தால் பிழைத்தீர்."

பூவணநாதர் அக்குளில் விரலை வைத்தார். எங்கே சிரிப்பு வரும்? ஆனாலும் பயத்தில், "ஹ... ஹஹ்ஹா... ஹஹ்ஹஹ்ஹா!" என்று கையைத் தட்டிச் சிரித்துக் காட்டினார்.

ராஜா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தச் சிரிப்பை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேனே."

சபை தரையைப் பார்த்தது.

"நான் நகைச்சுவை சொல்லும்போதெல்லாம் நீங்கள் எல்லோரும் சிரிப்பது இந்தச் சிரிப்புதானே? மந்திரியாரே, உண்மையைச் சொல்லும். நான் சொன்னதில் ஒன்றாவது நன்றாக இருந்ததா?"

மந்திரி தொந்தியைத் தடவிக்கொண்டார். "மகாராஜா, இப்போதுதான் வேலை திரும்பக் கிடைத்திருக்கிறது."

ராஜா தன் தொடையில் அடித்துக்கொண்டு, யாரும் தொடாமலே, விலா நோகச் சிரித்தார். அன்று முதல் அந்தச் சபையில் ராஜா நகைச்சுவை சொன்னால் யாரும் சிரிக்கவேண்டியதில்லை என்று ஆணை. பல காலம் ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜாவும் விடவில்லை, சொல்லிக்கொண்டே இருந்தாராம்.