ரேடியோ சொன்ன மணியும் அம்மா வைத்த மணியும்

பாளையங்கோட்டையில் ரிட்டயரான ஜட்ஜ் ஆவுடையப்பனை எதிர்த்து யாரும் மணி சொல்லிவிட முடியாது. அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் காட்டுவதுதான் நேரம். எங்கேயும் பிந்தக்கூடாதென்று அவர் மனைவி அதைப் பத்து நிமிஷம் கூட்டி வைத்திருந்தாள். அவள் போய்ச்சேர்ந்தபிறகு யாரும் அந்த முள்ளைத் தொட்டதில்லை. இப்போதெல்லாம் அதைப் பார்த்துக் கிளம்பிக் கோயிலுக்குப் போனால் தீபாராதனை முடிந்திருக்கும்.

அவருடைய டிரைவர் மாசானம் பழைய ரேடியோ சாமான்களை வைத்து ஒரு கடிகாரம் செய்தான். ரேடியோவில் மணிச் சத்தம் வந்ததும் அது தன் முள்ளைத் தானே திருத்திக்கொள்ளும். கேள்விப்பட்ட ஜட்ஜ் கொதித்துப்போனார்.

"ஏல, என் கடிகாரம் தப்புங்கியா? ரேடியோவுக்கும் அடங்கணும், அவ வச்ச நேரத்துக்கும் அடங்கணும். அப்படி ஓடுனா கொண்டா. இல்லேன்னா கார்ச் சாவியை வச்சிட்டுப் போ."

மறுநாள் காலை ரேடியோவில் எட்டு மணிச் சத்தம் கேட்டது. மாசானத்தின் கடிகார முள் தானே நகர்ந்து எட்டு பத்து காட்டியது. சுவர்க்கடிகாரத்தில் எட்டு நாலு.

ஜட்ஜ் சிரித்தார். "ரெண்டுக்கும் ஒத்துவரலையேல."

"ரேடியோ மணியைக் கேட்டு, அதோட அம்மா வச்ச பத்து நிமிஷத்தையும் சேத்துக்கிடும்யா. சுவத்துல இருக்கதுதான் அம்மா குடுத்ததுல ஆறு நிமிஷத்தைத் தின்னுட்டுது."

ஜட்ஜ் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"காரை எடுல. கோயிலுக்குப் பிந்துனா அவ ஏசுவா."